நான் யாருன்னு தெரியுதாம்மா?

குழித்துறைப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் 22 வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், இந்தப் பகுதியில் வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார். இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மறதி நோய் (டிமென்ஷியா) வந்த பெரியவர்களோடு வீடியோ காலில் பேசுவது பற்றியவை. மற்றக் கேள்விகள் அடுத்த இதழில்.

சிஸ்டர், எனக்குச் சொந்த ஊர் குளச்சல் பக்கம். 19 வருடமாக ஷார்ஜாவில் வேலை. அம்மாவுக்கு 78 வயது, தலைச்சுமையாக மீன் விற்று எங்களை வளர்த்தவர். டிமென்ஷியா வந்து இரண்டு வருடமாக ஊரில் ஒரு இல்லத்தில் இருக்கிறார். ஞாயிறுதோறும் வேலையெல்லாம் ஒதுக்கிவிட்டு ராத்திரி எட்டு மணிக்குப் போட்டிம் என்கிற வீடியோ கால் ஆப்பில் கூப்பிடுவேன். 'நான் யாருன்னு தெரியுதாம்மா?' என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். போன வாரம் 'இந்தப் பயல் யாரு, போகச் சொல்லு' என்றார். இனிமேல் கூப்பிட்டு என்ன பிரயோசனம்? நிறுத்திவிடலாமா?
— ஒரு மகன், ஷார்ஜா

வீடியோ காலை நிறுத்தாதீர்கள் தம்பி. அந்தக் கேள்வியை நிறுத்துங்கள்.

வெளிநாட்டிலிருந்து வருகிற கால் கிட்டத்தட்ட எல்லாமே இப்படித்தான் தொடங்கும். கேட்கிற பிள்ளைக்கு அது பாசம். பதில் கிடைக்காமல் தடுமாறுகிற தாய்க்கு அது பரீட்சை. வாராவாரம் உட்காரவைத்துத் தோற்கடித்தால் யாருக்குத்தான் முகம் திரும்பாது?

இந்த நோயில் முதலில் போவது புது ஞாபகம். நேற்று நடந்தது போகும், பிறகு போன வருடம், அப்புறம் அதற்கு முந்தியது. பழசு ரொம்பக் காலம் தாக்குப்பிடிக்கும். உங்கள் அம்மாவின் மனதில் இருக்கிற மகன் அநேகமாக நிக்கர் போட்டுக் கடற்கரை மணலில் ஓடுகிறவன். திரையில் தெரிவதோ முன்நெற்றி ஏறி, தாடி நரைத்த ஒரு ஆள். 'இந்தப் பயல் யாரு' என்று அவர் கேட்டது நியாயமான கேள்விதான்.

பேரை நீங்களே சொல்லிவிடுங்கள். 'அம்மா, நான் உனக்க மூத்தவன், இன்னான் பேசுதேன்' என்று முதல் வாக்கியத்திலேயே. அவர் திரும்ப மறந்தால் திரும்பச் சொல்லுங்கள், சலிப்பு குரலில் ஏறாமல். 'போன வாரம் பேசினோமே, ஞாபகமில்லையா' என்பதும் அதே பரீட்சையின் இன்னொரு தாள். அதையும் விடுங்கள்.

பேரே தெரியாவிட்டாலும் பேசிய பிறகு ஏதோ ஒன்று அவர்களிடம் தங்கத்தான் செய்கிறது. இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2014-ல் இதைச் சோதித்தும் பார்த்தார்கள். அல்சைமர் என்கிற மறதி நோய் வந்தவர்களுக்குச் சோகமான படக்காட்சிகளையும் சந்தோஷமான படக்காட்சிகளையும் போட்டுக் காட்டினார்கள். கொஞ்ச நேரத்திலேயே பார்த்தது என்னவென்று அவர்களுக்கு மறந்துபோனது. ஆனால் அந்தச் சோகமும் சந்தோஷமும் ஞாபகத்தைவிட நீண்ட நேரம் நின்றன. உங்கள் காலுக்குப் பிறகு கஞ்சியை அம்மா முகம் சுளிக்காமல் குடித்தார் என்றால், அதில் உங்களுக்கும் பங்கு உண்டு. அது அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

அடுத்தது நேரம். ஷார்ஜாவில் ராத்திரி எட்டு என்றால் இங்கே ஒன்பதரை. இந்த நோய்க்காரர்கள் பலருக்கு வெயில் தாழ்ந்தாலே ஒரு பரபரப்பு தொற்றிக்கொள்ளும். எழுந்து நடப்பார்கள், கதவைத் தட்டுவார்கள், பழியும் சொல்வார்கள். ஒன்பதரைக்கு அவரை எழுப்பி உட்காரவைத்துப் போனை நீட்டினால், உங்களை என்ன, உங்கள் அப்பாவே எழுந்து வந்தாலும் போகத்தான் சொல்வார். ஞாயிறு உங்களுக்கு லீவுதானே? அங்கே காலை ஒன்பதரைக்குக் கூப்பிடுங்கள். இங்கே பதினொன்று. குளித்து, சாப்பிட்டு, முகம் தெளிந்து இருக்கிற நேரம்.

என்ன பேசுவது? விசாவும் வேண்டாம், நாட்டு நடப்பும் வேண்டாம். சாளை மீன் வாங்கி வந்து போனைச் சாய்த்து வைத்துவிட்டு, அவர் பார்க்க வெட்டிக் கழுவுங்கள். அரிவாள்மணை இல்லாமல் கத்தியால் நீங்கள் செதில் எடுக்கிற லட்சணத்தைப் பார்த்தால் நிச்சயம் ஏசுவார். ஏசட்டும். மீன் விற்ற கைக்கு மீன் மறக்காது. பத்து நிமிடம் போதும். அவர் கண் வேறு பக்கம் அலையத் தொடங்கினால் அதற்கும் முன்னாலேயே முடித்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. அங்கே போனைப் பிடித்துக்கொண்டிருப்பது யார் என்று நீங்கள் எழுதவில்லை. உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் அடுத்த காலில் முதலில் அந்தப் பெண்ணின் பேரைக் கேளுங்கள்.

அக்கா, நான் பூதப்பாண்டி பக்கம் ஒரு இல்லத்தில் ஆயா வேலை பார்க்கிறேன். 31 பேர், பகலில் நாங்கள் மூன்று பேர். அதில் எட்டுப் பேருக்கு மறதி. பிள்ளைகள் நினைத்த நேரத்துக்கு வீடியோ கால் போடுகிறார்கள். ஒருத்தரைக் குளிப்பாட்டிக்கொண்டு இருக்கும்போது போன் அடிக்கும். எடுக்காவிட்டால் ஆபீசில் புகார். போனைக் கொடுத்துவிட்டு வந்தால் பாட்டிமார் அதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். என்ன செய்ய?
— பேர் போட வேண்டாம், பூதப்பாண்டி

போடவில்லை பிள்ளே.

இந்த இதழில் வந்த கடிதங்களில் எனக்கு ரொம்ப நெருக்கமானது உன்னுடையதுதான். வீடியோ காலில் ரெண்டு பேர் பேசுவதாக எல்லாரும் நினைக்கிறார்கள். மறதிக்காரர் இருக்கிற காலில் மூன்று பேர். மூன்றாவது ஆள் நீ. பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் கை வைத்து, 'இன்னா பாருங்க பாட்டி, உங்க மவன் சிரிக்கிறாரு' என்று சொல்லிக்கொடுக்க ஒருத்தி இல்லையென்றால், அந்தப் போன் வெறும் வெளிச்சம் போட்ட கண்ணாடிச் சில்லு.

நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 2020-ல் ஊரடங்கு போட்டு, இல்லத்துக்குள் யாரும் வரக்கூடாது என்றான சமயம். பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒரு பாட்டியின் முன்னால் போனைச் சொம்பில் சாய்த்து வைத்துவிட்டு, அடுத்த கட்டிலில் ஒருவருக்குச் சுகர் பார்க்கப் போய்விட்டேன். திரும்பி வந்தால் பாட்டி முந்தானையைத் தலைவழியே இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவரோடு ஒட்டி நிற்கிறார். 'முறிக்குள்ள அன்னிய ஆம்பிளை வந்து நிக்கான், நீ எங்க போனா?' என்று என்னிடம் சண்டை. திரையில் பேசிக்கொண்டிருந்தது அவருடைய தம்பி மகன். பாவம், அவன் அங்கேயிருந்து 'அத்தே, அத்தே' என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். அன்றைக்கு அந்தப் பாட்டி மத்தியானம் வரை தண்ணீர்கூட குடிக்கவில்லை. தப்பு முழுக்க என்னுடையது.

பயத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. திரை மூலையில் ஒரு சின்னப் பெட்டியில் பார்க்கிறவருடைய சொந்த முகமே தெரியுமே, அது. தன்னை முப்பது வயதுக்காரியாக நினைத்துக்கொண்டிருப்பவருக்கு அதில் தெரிகிற கிழவி யாரோ ஒருத்தி. எங்கள் இல்லத்தில் ஒரு அம்மச்சி அந்தக் கிழவிக்கு வழிவிட்டு நாற்காலியில் ஒதுங்கி ஒதுங்கி உட்கார்ந்து, கடைசியில் கீழே விழப் பார்த்தார். அதற்கு நான் கண்ட வைத்தியம் காலண்டர் தாளில் ஒரு துண்டும் கொஞ்சம் ஒட்டுநாடாவும். அந்த மூலையை மூடிவிடு, முடிந்தது கதை.

போனைக் கையில் கொடுக்காதே. கை நடுங்கும், விரல் சிவப்புப் பொத்தானில் படும், மகன் மறைந்துபோவான். இங்கிலாந்தில் பிளைமவுத் பல்கலைக்கழகத்தார் முதியோர் இல்லங்களில் வீடியோ காலைப் பழக்கப்படுத்தப் போனபோது, சக்கரம் வைத்த ஒரு தாங்கியில் டேப்லெட்டைப் பொருத்தி, பழைய டெலிபோன் போல ஒரு ரிசீவரும் சேர்த்து வைத்தார்கள். காதில் வைத்துப் பேசுவது அந்தத் தலைமுறைக்குப் பழகின காரியம் இல்லையா? அந்தப் புத்தி எனக்கு ரொம்பப் பிடித்தது. நம் இல்லத்தில் அதற்கு வழி இல்லாவிட்டால் போகிறது. கண் மட்டத்துக்குக் கொஞ்சம் உயரமான ஸ்டூல், பெரிய திரை, சத்தம் கூட்ட ஒரு சின்ன ஸ்பீக்கர் போதும். காதுமெஷின் வைத்திருப்பவர் என்றால் போனைக் காதருகே கொண்டுபோகாதே, விசிலடித்தே கொன்றுவிடும். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுவிடு. டிவியை நிறுத்து.

நேரத்துக்கு உங்கள் மேலாளரிடம்தான் பேச வேண்டும். காலை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை வீடியோ கால் நேரம், ஒருத்தருக்குக் கால்மணி, ஒரு ஆயா அதற்கு மட்டும் என்று எழுதி ஒட்டச் சொல். அது வேலைதான், மருந்து கொடுப்பது போல. 'ஓய்வாக இருக்கும்போது செய்துகொடு' என்றால், உனக்கு எப்பம் பிள்ளே ஓய்வு? கொடுக்க மாட்டேன் என்றால் என் பேரைச் சொல்லு. ஓய்வு பெற்றவளை யார் என்ன செய்துவிடப் போகிறார்கள்.

பத்து மைல் தூரத்தில் காரும் வைத்துக்கொண்டு, பெற்ற தாயை வீடியோ காலில் பார்க்கிற பிள்ளைகளைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?
— 74 வயது வாசகர், தோவாளை

நீங்கள் நினைப்பதையேதான் நானும் நினைக்கிறேன் அண்ணாச்சி. உள்ளங்கையில் தேங்காய் எண்ணெய் தேய்த்துவிடுகிற ஆப் இன்னும் வரவில்லை.

வீடியோ காலில் என் மாமியார் ஒவ்வொரு தடவையும் 'என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ' என்று அழுகிறார். போனை வைத்த பிறகும் இரண்டு மணி நேரம் கதவருகே நிற்பதாக இல்லத்தில் சொல்கிறார்கள். கூப்பிடாமல் இருப்பதே அவருக்குச் செய்கிற நன்மையோ?
— தக்கலையிலிருந்து ஒரு மருமகள்

மக்களே, முதலில் ஒன்று கேட்கிறேன். அவர் சொல்கிற வீடு எது?

உங்கள் தக்கலை வீடுதான் என்று நினைத்து நீங்கள் மருகுகிறீர்கள். எனக்குத் தெரிந்து பலபேர் கேட்கிற வீடு, இடித்து அரை நூற்றாண்டு ஆன வீடு. அம்மையும் ஐயாவும் உயிரோடு இருந்த வீடு. சொந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டே 'வீட்டுக்குப் போணும்' என்று அழுகிறவர்களும் உண்டு. அதனால் 'இப்ப முடியாது அத்தை' என்று காரணம் சொல்லாதீர்கள். 'அடுத்த வாரம் கூட்டிட்டுப் போறேன்' என்று பொய்யும் வேண்டாம். அந்த வீட்டைப் பற்றிக் கேளுங்கள். முற்றத்தில் என்ன மரம் நின்றது, கிணறு எந்தப் பக்கம், மழை பெய்தால் எங்கே ஒழுகும். ஒருவர் என்னிடம் அவர் வீட்டு மட்டிவாழைக் குலை எந்த உத்தரத்தில் தொங்கும் என்று விரலால் காட்டிக்காட்டி, சொல்லி முடிக்கும்போது அழுகையை மறந்திருந்தார்.

முடிக்கிற விதமும் முக்கியம். 'சரி வைக்கிறேன், போயிட்டு வரேன்' என்ற பேச்சு வந்தால் நீங்கள் எங்கோ போகிறீர்கள், அவரை விட்டுவிட்டுப் போகிறீர்கள் என்று ஆகிவிடுகிறது. அங்கே இருக்கிற ஆயாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பேச்சு நடக்கும்போதே கருப்பட்டிக் காப்பி வரட்டும். 'காப்பி ஆறிரும் அத்தே, குடிங்க' என்று சொல்லுங்கள். அவர் டம்ளரைப் பார்க்கிற நேரத்தில் ஆயா போனை எடுத்துவிடட்டும். டாட்டா வேண்டாம். இது ஏமாற்று வேலை இல்லையா என்று கேட்பீர்கள். பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு அடிமேல் அடி வைத்து வெளியே வந்ததில்லையா நீங்கள்?

இப்படியும் ஒரு மாதம் பார்த்து, அழுகை குறையவில்லை என்றால் நேரடிக் காலை விட்டுவிடுங்கள். ரெண்டு நிமிடம் நீங்களே பேசிப் பதிவுசெய்து அனுப்புங்கள். அவர் தெளிவாக இருக்கிற நேரம் பார்த்து அவர்கள் போட்டுக் காட்டுவார்கள். சிலருக்கு இது நன்றாகப் பிடிக்கும், சிலருக்குக் கலக்கம் கூடும். போட்டுப் பார்த்துத்தான் தெரியும்.

இன்னொன்று. இந்தக் கதவருகே நிற்பது திடீரென்று ஒரு வாரத்துக்குள் தொடங்கியதா? அப்படியானால் போனைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் டாக்டரைக் கூப்பிடுங்கள். மூத்திரத்தில் கிருமித் தொற்று, மலச்சிக்கல், சொல்லத் தெரியாத பல்வலி, இதில் எது வந்தாலும் இந்த நோய்க்காரர்களுக்குக் குணம் தடாலென்று மாறும். வலிக்குது என்று சொல்ல வராமல் வீட்டுக்குப் போணும் என்று சொல்வார்கள்.

வீடியோ காலால் முதியவர்களின் தனிமை குறையும் என்பதற்கு ஆதாரம் உண்டா? இல்லை, நம்பிக்கையா?
— ஓய்வு பெற்ற ஆசிரியர், நாகர்கோவில்

சார், நேராகச் சொல்கிறேன். ஆதாரம் சொற்பம். மருத்துவ ஆய்வுகளைச் சலித்துத் தொகுக்கிற காக்ரேன் அமைப்பு, 2020 மே மாதத்தில் இதற்கென்றே ஒரு அறிக்கை போட்டது. தேடிப் பார்த்ததில் கணக்கில் எடுக்கத் தகுந்ததாகக் கிடைத்தவை மூன்றே ஆய்வுகள், மொத்தம் 201 பேர், மூன்றும் தைவான் முதியோர் இல்லங்களில் நடந்தவை. தனிமை குறைந்ததாக உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றுதான் முடித்தார்கள். இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாக 2023-ல் வெளிவந்த கணக்கு சொல்கிறது. இத்தனை பேர் இருந்தும் நம்மூர் இல்லத்துப் பாட்டிமார் யாரும் அந்த 201-ல் இல்லை.

ஆகையால் நான் எழுதுவதில் பெரும்பகுதி 22 வருடத்துப் பழக்கம். அதற்குரிய அளவுக்கு நம்புங்கள்.

என் தங்கை, அம்மாவுடன் பேசுகிற வீடியோ காலைப் பதிவுசெய்து ஸ்டேட்டஸில் போடுகிறாள். அம்மா பல்செட் போடாமல், தலை கலைந்து இருக்கிறார். சொன்னால் 'எல்லாரும் பாசமாக கமெண்ட் போடுகிறார்கள்' என்கிறாள்.
— வாசகி, கருங்கல்

மனசு தெளிவாக இருந்த காலத்தில் உங்கள் அம்மா தலை வாராமல் வாசலுக்கு வந்திருப்பாரா? அதையே தங்கையிடம் கேளுங்கள். இல்லத்திலும் எழுதிக்கொடுங்கள், குடும்பத்தார் எல்லாரும் சம்மதிக்காமல் படம் வெளியே போகக்கூடாது என்று.

நாங்கள் மார்த்தாண்டம் பக்கம் கல்லூரியில் படிக்கிறோம். நாட்டு நலப்பணித் திட்டத்தில், யாருமே கூப்பிடாத முதியவர்களிடம் வாரம் ஒருநாள் வீடியோ காலில் பேசலாம் என்று இருக்கிறோம். முன்பின் தெரியாத பெரியவர்களிடம், அதுவும் மறதி உள்ளவர்களிடம் என்ன பேசுவது?
— இரண்டாம் ஆண்டு மாணவிகள்

நல்ல காரியம். ஆனால் வாரம் ஒருநாள் என்று சொல்லிவிட்டுப் பரீட்சை வந்ததும் காணாமல் போகிறதாக இருந்தால், தொடங்கவே வேண்டாம். முதல் தடவை நேரில் போய்ப் பாருங்கள். போனில் மட்டும் தெரிந்த முகம் சீக்கிரம் நழுவிவிடும்.

என்ன பேசுவது என்பதற்கு எங்கள் இல்லத்தில் இருந்த ஒரு பாட்டாவைச் சொல்கிறேன். கல்யாணம் செய்யாதவர், கூடப் பிறந்தவர்கள் யாரும் மிச்சமில்லை. குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் வாழ்நாள் பூரா பால்வெட்டியவர். தினம் விடியக்காலம் மூன்று மணிக்கு எழுந்து கதவைத் திற என்று நிற்பார். தூக்க மாத்திரை கொடுத்துப் பார்த்தோம், பகலெல்லாம் தள்ளாடியதுதான் மிச்சம். பிறகுதான் எனக்கு உறைத்தது. பால்வெட்டுக்காரர் வெயில் ஏறுமுன் மரத்தடிக்குப் போயாக வேண்டாமா? அவர் வேலைக்குப் புறப்படுகிறார்.

எங்கள் இல்லத்தில் சமையல் செய்கிற அக்காவின் மருமகன் அருமனையில் பால்வெட்டுகிறவன். அவனிடம் கெஞ்சிக் கூத்தாடி, ஒருநாள் விடியக்காலம் தோட்டத்திலிருந்து வீடியோ காலில் வரவைத்தேன். நெற்றி லைட்டின் வெளிச்சத்தில் மரம் மட்டும் தெரிகிறது. அவன் வெட்டுவாயில் காய்ந்திருந்த ஒட்டுப்பாலை உரித்தான், சிரட்டையைத் துடைத்து வைத்தான், கத்தியைப் பட்டையில் வைத்து இழுத்தான். பாட்டா அதுவரை கதவைப் பார்த்தே நின்றுகொண்டிருந்தார். கத்தி இழுபடுகிற சத்தம் கேட்டதும் திரும்பினார். ஸ்டூலில் வந்து உட்கார்ந்தார். நான் பக்கத்தில் போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

'லே, ஆழமா இழுக்காத. மரத்துக்குக் காயம் படும்.'

அவன் 'சரி பாட்டா' என்றான். அடுத்த மரம். பாட்டாவின் வலது கை மடியிலிருந்து எழுந்து, சாய்வாக, மேலிருந்து கீழே ஒரு இழுப்பு இழுத்தது. ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு இழுப்பு. பதினோரு மரம் ஆனபிறகு அவன் பாட்டரி தீர்ந்துவிட்டது. பாட்டா கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, 'இன்னைக்குப் பால் குறவுதான்' என்று சொல்லிவிட்டுக் கட்டிலுக்குப் போய்ப் படுத்தார்.